வேற்று நாட்டு வாயிலும் விசாவும்

முகவுரை

பிறந்த ஊரை விட்டுப் பிற நாடுகளைக் கண்டு மீள வேண்டுமென்னும் விருப்பம் மக்கள் உள்ளத்தில் இயல்பாகவே எழுவதொன்றாம். முற்காலத்தில் அவ்விருப்பத்திற்குத் தடையாய் நின்றவை கடலும், காற்றும், வழிச்செலவுமே. இக்காலத்திலோ, சென்னையில் இரவு விமானம் ஏறியவர் மறுநாட் பகலில் ஐரோப்பாவில் இறங்குகின்றார். கடல் சுருங்கிவிட்டது, ஆயினும் வாயிலிற் காவல் பெருகிவிட்டது. அக்காவலைக் கடந்து செல்லுதற்கு உரிய இசைவே விசா எனப்படுவது.

சென்ற வேனில் விடுமுறையில் எம் பெரியதந்தையார் பொருட்டு ஒரு விசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் பணி எம்மேல் வந்தது. அவர் முப்பத்துநான்கு ஆண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர்; அகவை அறுபத்தொன்பது. ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் உள்ள தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தம் கண்ணொளி குன்றுமுன் ஒரு முறையேனும் காணவேண்டுமென்பது அவரது நெடுநாளைய வேட்கை. தரங்கம்பாடியில் 1706 ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்க்குப் பின் வந்தோரும் இங்கிருந்து அனுப்பிய ஏடுகள் அந்நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. அவ்விண்ணப்பத்தை நிரப்புங்கால் யாம் அறிந்தவை சில. அறியாமையால் இடறியவை சில. நம் கல்லூரியிற் பயில்வோருள்ளும் பயின்று சென்றோருள்ளும் பலர் இவ்வாயிலை என்றேனும் அணுகக்கூடுமாதலின், அவர்க்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

விசாவாவது யாது?

விசா என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது அதன் பொருள். ஒருவர் கொண்டுவந்த ஓலையை அதிகாரி பார்த்து, பார்த்தமைக்கு அடையாளமாகப் பொறித்துத் தரும் குறியே விசாவாயிற்று. இது நம் முன்னோர்க்கு முற்றிலும் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களின்மேற் சோழரது புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை பயின்றோர் அறிவர். அன்று பொறி பண்டத்தின்மேல் விழுந்தது. இன்று அது மனிதர் கையிலுள்ள புத்தகத்தின்மேல் விழுகின்றது. வேற்றுமை அவ்வளவே.

1914 ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூளுமுன் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மக்கள் கடவுச்சீட்டின்றியே எல்லை கடந்து செல்லுதல் இயன்றது. போர்க்காலத்தில் ஒற்றரைப் பற்றிய அச்சத்தால் ஏற்பட்ட கட்டுப்பாடு போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920 ஆம் ஆண்டு நாடுகளின் சங்கத்தார் பாரிஸ் நகரிற் கூட்டிய மாநாட்டில் கடவுச்சீட்டு யாண்டும் ஒரே வகையான புத்தக வடிவில் அமைதல் வேண்டுமென முடிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டமொன்று பிறந்தது. இன்று நம் நாட்டில் நடைமுறையிலுள்ளது 1967 ஆம் ஆண்டுச் சட்டமாகும்.

பாஸ்போர்ட் என்று யாவரும் வழங்கும் கடவுச்சீட்டு வேறு, விசா வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் உளர். கடவுச்சீட்டு என்பது, 'இவர் எம் குடிமகன்' என்று நம் அரசு நமக்குத் தரும் சான்று. விசா என்பது, 'இவர் எம் எல்லைக்கு வரலாம்' என்று பிற அரசு தரும் இசைவு. வெளிநாடு செல்லுதல் தனிமனித உரிமையின் ஒரு பகுதியேயென்று 1967 ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் கடவுச்சீட்டைக் காரணமின்றி மறுக்க நம் அரசுக்கு இயலாது. பிற நாட்டாரிடத்தோ அத்தகைய உரிமை நமக்கில்லை. நம் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே செல்லுதல் உரிமை. அயலார் வீட்டினுள் நுழைதல் அவர் இசைவு. இவ்வேறுபாட்டை முதலில் உணர்ந்துகொண்டால், விண்ணப்பத்திற் கேட்கப்படும் வினாக்கள் யாவும் எற்றுக்கு என்பது தானே விளங்கும்.

ஷெங்கன் என்னும் பொதுவாயில்

ஐரோப்பாவிற்குச் சுற்றுலா செல்லுவோர்க்கு வேண்டப்படுவது பெரும்பாலும் ஷெங்கன் விசாவாகும். ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க்கு நாட்டில் மொஸல் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூர். 1985 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அவ்வூருக்கருகே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கூடி, தம் நாடுகளுக்கிடையேயுள்ள எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்குவதென உடன்படிக்கை செய்தனர். 1995 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது செயலுக்கு வந்தது. இன்று அவ்வுடன்படிக்கையில் இருபத்தொன்பது நாடுகள் சேர்ந்துள்ளன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முழு உறுப்புப் பெற்றன. இந்நாடுகளில் யாதேனுமொன்று தரும் விசாவைக் கொண்டு ஏனைய யாவற்றிலும் செல்லலாம்.

இருபத்தொன்பது வாயிலுள் எதனிடத்து விண்ணப்பிப்பது என்னும் ஐயம் எமக்கும் எழுந்தது. எம் பெரியதந்தையார் ஹாலேயை மட்டுமன்றி டென்மார்க்குத் தேசத்துக் கோபனேகனையும் காண விரும்பினார். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620 ஆம் ஆண்டில் டென்மார்க்கு வேந்தர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் எழுதி விடுத்த ஓலை அங்குள்ளது. விதி யாதெனின்: எந்நாட்டில் மிகுதியான நாள் தங்குவரோ அந்நாட்டினிடமே விண்ணப்பித்தல் வேண்டும், இரண்டிலும் நாள் ஒத்திருப்பின், முதலில் எந்நாட்டில் நுழைவரோ அந்நாட்டினிடம். ஜெர்மனியில் எட்டு நாளும் டென்மார்க்கில் நான்கு நாளும் எனத் திட்டமிட்டதால் ஜெர்மனியினிடமே விண்ணப்பித்தோம். எந்த நாட்டார் எளிதில் தருவர் என்று தெருவிற் கேட்டு, அங்கே விண்ணப்பித்து, வேறு நாட்டில் நாள் கழிப்போர் சிலர் உளர். பயணத்திட்டத்திற்கும் விண்ணப்பத்திற்கும் உள்ள அம்முரண்பாடே மறுப்புக்கு இடமாகி விடும்.

காலமும் கட்டணமும்

பயணநாளுக்கு ஆறு மாதத்திற்கு முன்னர் விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை. பதினைந்து நாளுக்குக் குறைவாயிருப்பினும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. விண்ணப்பம் முறையாகச் சேர்ந்த நாள்முதல் பதினைந்து நாளுள் முடிவு கூறுதல் வேண்டுமென்பது விதி. மேலும் ஆராயவேண்டியிருப்பின் அது நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். அன்றியும், மனுவைச் செலுத்த முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ள வேண்டும்; கோடைப் பருவத்தில் அந்நாள் கிடைப்பதே அரிது. ஆதலின் செப்டம்பர் மாதப் பயணத்திற்கு மே மாதத்திலேயே தொடங்கினோம்.

கட்டணம் 2024 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் முதல் தொண்ணூறு யூரோ, அதற்குமுன் எண்பதாயிருந்தது. ஆறு வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத சிறார்க்குப் பாதி. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகட்குக் கட்டணமில்லை. இதனை நம் நாட்டுப் பணத்திலேயே செலுத்தலாம். மனுக்களைத் தூதரகத்தின் சார்பில் வாங்கும் நிலையத்தார்க்குரிய சேவைக் கட்டணம் வேறு. விசா மறுக்கப்படினும் இத்தொகை திரும்பி வாராது. ஏனெனில் இது விசாவின் விலையன்று; விண்ணப்பத்தை ஆராய்வதற்குரிய கூலியேயாம்.

வேண்டப்படும் சான்றுகள்

சான்றுகளின் பட்டியலைக் கண்டவுடன் எம் பெரியதந்தையார் மலைத்துப் போனார். அவற்றை ஒழுங்குபட வகுத்து நோக்கின், அவை நான்கே வினாக்களுக்கு விடையாகும். நீவிர் யார்? எற்றுக்கு வருகின்றீர்? செலவுக்கு யாது செய்வீர்? திரும்பிச் செல்வீரோ? இந்நான்கும் நினைவிலிருப்பின் பட்டியல் அச்சுறுத்தாது.

முதல் வினாவிற்கு விடை கடவுச்சீட்டு. அது கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். ஐரோப்பாவை விட்டு நீங்கும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லத்தக்கதாயிருத்தல் வேண்டும். இரண்டு பக்கமேனும் வெறுமையாயிருத்தல் வேண்டும். அண்மையில் எடுத்த, முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரமுமுள்ள நிழற்படமும் வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் ஏனைய சான்றுகள் எல்லாவற்றிலும் இருத்தல் நன்று. நம்மவரிடையே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடுவதும், அதனையே விரித்துப் பின்னிடுவதும் ஆகிய இருவகை வழக்கும் உண்மையால் இங்கே பெருங்குழப்பம் விளைகின்றது. எம் பெரியதந்தையாரின் வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் ஒரு பெயருமாயிருந்தது. இருவரும் ஒருவரேயென்று வங்கியாரிடம் எழுதி வாங்கவே ஒரு கிழமை சென்றது.

இரண்டாம் வினாவிற்கு விடை பயணத்திட்டம். எந்நாளில் எந்நகர், எங்கே தங்குதல், எவ்வூர்தியிற் செல்லுதல் என்பவற்றை நாள்வாரியாக எழுதி, தங்கும் விடுதிக்கும் போக்குவரத்து விமானத்திற்கும் முன்பதிவு செய்த சான்றுகளை இணைத்தல் வேண்டும். விமானச் சீட்டைப் பொறுத்தவரையில் முன்பதிவுச் சான்றே ஏற்கப்படும். முழு விலையும் கொடுத்து வாங்கிவிடுதல் கட்டாயமன்று. விசா கிடையாதொழியின் அப்பணம் வீணாகுமாதலின் இதனை நினைவிற் கொள்க.

மூன்றாம் வினாவிற்கு விடை அண்மைக்கால வங்கிக் கணக்கும், வருமான வரிச் சான்றும், ஊதியம் அல்லது பென்ஷன் பெறுதற்குரிய சான்றுமாம். இவற்றோடு பயணக் காப்புறுதிப் பத்திரமும் வேண்டும். நோயுற்றால் மருத்துவமனைச் செலவுக்கும், உயிர் நீங்கின் உடலைத் தாயகம் சேர்ப்பதற்கும் பயன்படுமாறு அது முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாததாய், ஷெங்கன் நாடுகள் யாவற்றிலும் தங்கும் நாள் முழுதும் செல்லுவதாய் இருத்தல் வேண்டும். இப்பகுதியைப் படித்தபோது எம் பெரியதந்தையார் நகைத்து, "நான் திரும்பி வருவேனென்பதற்குக் காப்புறுதிக்காரரே பிணை நிற்கின்றார், பார் தம்பி!" என்றார்.

நான்காம் வினா

அந்நகைப்பு நான்காம் வினாவில் நின்றுவிட்டது. திரும்பி வருவீர் என்பதற்குச் சான்று யாது என்னும் வினா அவர் நெஞ்சிற் புண்ணை உண்டாக்கியதை யாம் கண்டோம். "அறுபத்தொன்பது ஆண்டு இம்மண்ணில் வாழ்ந்தவன். என் பெற்றோரையும் உன் பெரியம்மாவையும் இம்மண்ணில்தான் அடக்கஞ் செய்திருக்கிறேன். திரும்பி வருவேனென்று யாரிடம் சான்று வாங்குவது?" என்று கேட்டார். யாம் மறுமொழி கூற இயலாது வாளாவிருந்தோம்.

பிறகு அதனை யாம் ஆராய்ந்தோம். சுற்றுலா என்று கூறிச் சென்று, குறித்த நாளுக்குப் பின்னும் தங்கிவிடுவோர் உண்டு என்பதே இவ்வினாவிற்கு வேர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. 1952 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214 ஆம் பிரிவின்படி, சுற்றுலா விசாக் கேட்போர் ஒவ்வொருவரும் அங்கே குடியேற வருபவரேயென்று முதலிற் கொள்ளப்படுவர். அன்றென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்போரைச் சார்ந்தது. நீதிமன்றத்தில், குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் ஒருவர் குற்றமற்றவரென்பது விதி. விசாச் சாளரத்தின் முன்னரோ முறை மாறி நிற்கின்றது. இஃது ஒருவரை இழிவு செய்யும் நோக்கினதன்று என்பதை யாம் ஒப்புவோம். எனினும், செல்வமிக்க நாட்டவர் பலர் விசாவேயின்றி உலகிற் பெரும்பகுதியைச் சுற்றி வருகையில், நம்மனோர் மட்டும் தம் வீட்டின்மேல் தமக்குள்ள அன்பிற்குச் சான்று காட்டவேண்டியிருத்தல் நெஞ்சை உறுத்துவதே.

உறுத்தினும் விடை தந்தேயாகவேண்டும். வீட்டு வரி செலுத்திய சீட்டு, மாதந்தோறும் பென்ஷன் வரும் கணக்கு, தம்மோடு வாழும் விதவைத் தங்கையாரைத் தாமே காத்து வருவதைக் கூறும் கடிதம் ஆகியவற்றை அவர் இணைத்தார். ஊதியம் பெறுவோராயின் விடுமுறை அளித்தமைக்குரிய கடிதமும், மாணவராயின் கல்லூரித் தலைவர் தரும் சான்றும் இவ்விடத்திற் பயன்படும்.

கடன் வாங்கிய செல்வம்

ஈண்டு ஒரு நிகழ்ச்சியைக் கூறாதொழிதல் இயலாது. பெரியதந்தையாரின் வங்கிக் கணக்கில் இருந்தது பெருந்தொகையன்று. இதனை அறிந்த நண்பரொருவர், "மூன்று இலட்சம் நான் தருகிறேன், ஒரு மாதம் கணக்கில் கிடக்கட்டும், விசா வந்தபின் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று அன்போடு முன்வந்தார். உண்மையைக் கூறின், யாமும் அதனை ஏற்கும்படியே வற்புறுத்தினோம். அவர் சற்றுநேரம் வாய் திறவாதிருந்து, "தம்பி, நாளை அவர்கள் இது யார் பணமென்று கேட்டால் என்ன சொல்வேன்? ஓலையிலுள்ளதைத் திருத்தாமல் அப்படியே படிக்கவேண்டுமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் ஓலையை நானே திருத்தலாமா?" என்றார். நண்பர் வருத்தத்தோடு சென்றார், யாம் நாணினோம்.

அறத்தை ஒருபுறம் வைத்து, பயனை மட்டும் நோக்கினும் அவர் செய்ததே சரியென்று பின்னர் அறிந்தோம். எம் தெருவில் வாழும் ஒருவர் சில ஆண்டுகட்குமுன் தரகரொருவர் சொற்கேட்டு வேறொரு நாட்டிற்கு விண்ணப்பித்தார். அவரது கணக்கில் மாதந்தோறும் சிறுசிறு தொகையே வந்து சென்றுகொண்டிருக்க, விண்ணப்பத்திற்கு ஒன்பது நாள் முன்னர் நான்கு இலட்சம் திடீரென்று புகுந்திருந்தது. கணக்கை நோக்கிய அதிகாரிக்கு அவ்வொரு வரியே போதுமானதாயிற்று. விசா மறுக்கப்பட்டது, கட்டணமும் தரகர் கூலியும் போயின, கடனுக்கு வட்டி நின்றது. விண்ணப்பத்தை ஆராய்வோர் முடிவில் நிற்கும் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. அது வந்த வழியையும் பார்க்கின்றனர். சிறு வருவாயும் சிறு பயணமும் ஒன்றோடொன்று பொருந்தின் ஐயமில்லை. சிறு வருவாயும் பெருந்தொகையும் கூடியவிடத்தே ஐயம் பிறக்கின்றது. ஆதலின் எம் பெரியதந்தையார் தொகையைப் பெருக்காமல் செலவைச் சுருக்கினார். இருபது நாட் பயணம் பன்னிரண்டு நாளாயிற்று; விடுதி எளியதாயிற்று. பன்னிரண்டு நாளுக்கு ஆகும் செலவை நாள்வாரியாகக் கணக்கிட்டு, 'இதற்கு என் சேமிப்புப் போதும்' என்று விளக்கக் கடிதத்தில் எழுதினார்.

அக்கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்ணப்பத்தோடு இணைக்கும் விளக்கக் கடிதம் ஒரு பக்கத்திற்கு மேற்படாமல், புகழ்ச்சியும் இரக்கமும் வேண்டாமல், செய்தியை மட்டும் கூறவேண்டும். நோக்கத்தை மறைத்தலும் கூடாது. 'சுவடி, ஏடு என்றெல்லாம் எழுதினால் வீண் கேள்வி வரும். ஊர் பார்க்க என்று மட்டும் எழுதுங்கள்' என்றவரும் உண்டு. அவரோ சுற்றுலா என்னும் கட்டத்திற் குறியிட்டு, கடிதத்தில், 'ஊரைக் காண்பதோடு அங்குள்ள தமிழ் ஏடுகளையும் காண விரும்புகின்றேன்' என்று உள்ளவாறே எழுதினார்.

விரற்பதிவும் முடிவும்

குறித்த நாளில் விண்ணப்பிப்பவர் தாமே நேரிற் சென்று பத்து விரல்களின் பதிவும் முகப்படமும் தருதல் வேண்டும். ஒரு முறை தந்த விரற்பதிவை ஐம்பத்தொன்பது மாதம் வரை மீண்டும் பயன்படுத்திக்கொள்வர். எம் பெரியதந்தையாரின் வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவி இருமுறை ஏற்கவில்லை. மூன்றாம் முறைதான் ஏற்றது. "சாக்கட்டி தின்ற ரேகை" என்று அவர் கூற, பதிவு செய்த இளைஞரும் சிரித்துவிட்டார். அவர் சென்றது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின் தொடங்கிய காத்திருத்தலோ நெடிதாயிருந்தது.

விசா மறுக்கப்படின் காரணம் குறித்த படிவமொன்று தரப்படும். பயணத்தின் நோக்கமும் நிலைமையும் தெளிவுபடாமை, செலவுக்குப் பொருளுண்மை காட்டப்படாமை, குறித்த காலத்துள் திரும்புவர் என்பதில் ஐயம் உண்மை முதலியன அதில் அச்சிடப்பட்டிருக்கும், உரியதன்மேற் குறியிடுவர். அக்குறியை ஊன்றிப் படித்தல் வேண்டும். அதுவே அடுத்த விண்ணப்பத்திற்கு ஆசான். மறுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யவும் உரிமையுண்டு. ஜெர்மனியைப் பொறுத்தவரை, தூதரகத்திற்கே மறுபரிசீலனை வேண்டி எழுதும் முறை 2025 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நீக்கப்பட்டது. இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். அல்லது பெர்லின் நகர நிருவாக நீதிமன்றத்தில் வழக்கிடலாம். ஒரு முறை மறுக்கப்பட்டவர் என்றும் மறுக்கப்பட்டவர் ஆகார். ஆனால் முந்திய மறுப்பைப் பின்னர் மறைத்தல் பெரும்பிழை.

முறைப்படி சென்று மீள்வோர்க்கு வழி எளிதாதலும் உண்டு. 2024 ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியர்க்கென ஐரோப்பிய ஆணையத்தார் வகுத்த விதியின்படி, மூன்றாண்டுக்குள் இரண்டு விசாப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவர்க்கு, பலமுறை சென்று வரத்தக்க ஈராண்டு விசாவும், அதன்பின் கடவுச்சீட்டு இடந்தரின் ஐந்தாண்டு விசாவும் பொதுவாக வழங்கப்படும்.

விசாவைப் படிக்கும் முறை

விசா கிடைத்தவுடன் மகிழ்ந்து பெட்டியில் வைத்துவிடாமல் அதனைப் படித்தல் வேண்டும். எந்நாள் முதல் எந்நாள் வரை என்பது ஒன்று. அதற்குள் தங்கத்தக்க நாள் எத்தனை என்பது மற்றொன்று. ஒரு மாதம் செல்லும் விசாவில் பன்னிரண்டு நாளே தங்க இசைவிருக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி நாள் கடந்தோர் உளர். எத்தனை முறை நுழையலாம் என்பது மூன்றாவது. பொதுவாக எந்த நூற்றெண்பது நாளை எடுத்துக்கொள்ளினும் அதற்குள் தொண்ணூறு நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளிற் குறுங்கால விசாவில் தங்குதல் கூடாது. பெயரிலோ நாளிலோ பிழையிருப்பின் பயணத்திற்கு முன்னரே திருத்திக்கொள்க.

இன்னொன்றும் அறியற்பாலது. விசா நுழைவுக்கு முழு உறுதியன்று. எல்லைக் காவலர் மீண்டும் நோக்கத்தையும் தங்குமிடத்தையும் வினவலாம். ஆதலின் சான்றுகளின் படிகளைக் கைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் தொடங்கி, கடவுச்சீட்டில் முத்திரையிடுதற்கு மாறாக முகத்தையும் விரலையும் கருவியிற் பதிந்து வரவும் போக்கும் கணக்கிடும் முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது. அதன்படி நாள் கடந்து தங்குவது தானே வெளிப்பட்டுவிடும்.

முடிவுரை

பதினான்காம் நாள் பகலில் உறை வந்தது. பெரியதந்தையார் அதனைத் தம் கையால் திறவாமல் எம்மிடம் நீட்டினார். கடவுச்சீட்டின் பக்கங்களை யாம் புரட்டுகையில் எம் விரல் நடுங்கியதை மறைத்தற்கில்லை. விசா ஒட்டப்பட்டிருந்தது. தங்கும் நாள் பன்னிரண்டு. கேட்ட நாளினும் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவடி படிப்பவரைப்போல ஒவ்வோரெழுத்தாகப் படித்தார். படித்து முடித்தபின், "பன்னிரண்டு நாளுக்கு நம்பியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் புறப்பட்டு வந்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும். எனக்குப் பின்னால் வருகிறவன் விண்ணப்பத்துக்கு அதுதான் சான்று" என்றார்.

1714 ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழிளைஞரும் உடன் சென்றார். அவர் கையில் விசாவுமில்லை, கடவுச்சீட்டுமில்லை, இருந்தது தமிழறிவொன்றே. 1716 ஆம் ஆண்டில் ஹாலேயில் அச்சேறிய தமிழ் இலக்கண நூலுக்கு அவ்வறிவு துணை செய்தது. அக்காலம் இனி மீளாது. இன்று வாயிலிற் காவல் நிற்கும், வினாவும் எழும். அவ்வினாக்கட்கு வாய்மையையன்றி வேறொன்றையும் விடையாகக் கொடாதிருத்தல் நம் கையில் உள்ளது. வாய்மையுடையோர்க்கு விசா மறுக்கப்படுவதில்லை என்று கூற யாம் துணியோம், மறுக்கப்படுதலும் உண்டு. ஆயினும் அவர் மீண்டும் தலைநிமிர்ந்து விண்ணப்பிக்கலாம். பொய்ச்சான்று கொடுத்தவர்க்கோ அவ்வாயில் நெடுங்காலம் அடைபட்டுப் போம்.

இக்கட்டுரை அச்சேறி நம் நண்பர்கள் கைக்கு வரும்போது எம் பெரியதந்தையார் ஹாலே நகரத்து ஏடுகளைக் கண்டு, தம் வீட்டுத் திண்ணைக்கு மீண்டிருப்பார். இதில் எமக்கு ஐயமில்லை.